சங்கம் கொடுத்ததில் குறை இல்லை

எங்கள் கமண்டலக்கரைப் பட்டு உற்பத்தியாளர் சங்கத்தைப் பற்றி வெளியூர்க்காரர்கள் ஏதேதோ சொல்வார்கள். அதையெல்லாம் நம்ப வேண்டாம். ஆரணியில் எத்தனையோ சங்கங்கள் இருந்தாலும், ஒரு குறையைக் கண்டுபிடித்து, அது யாருடையது என்று அன்றைக்கே முடிவுகட்டி அனுப்புகிற சங்கம் எங்களுடையது ஒன்றுதான். அதற்கென்றே முன்கூடத்தில் ஒரு நீள மேசை போட்டிருக்கிறோம். நெய்து முடித்த புடவை வந்ததும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் விரிப்பார்கள். செயலாளர் இராஜமாணிக்கம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு முந்தானையிலிருந்து தடவிக்கொண்டே வருவார். இழை அறுந்திருந்தால் நெசவாளி குறை. சாயம் திட்டுத்திட்டாக இருந்தால் அதுவும் நெசவாளி குறை. சாயம் போட்டது சங்கத்தின் பட்டறையில்தானே என்று முள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒருவர் கேட்டுவிட்டார். அவருக்கு விதியைப் படித்துக் காட்டினார்கள். சங்கம் கொடுத்ததில் குறை இருக்காது. குறை என்று ஒன்று இருந்தால் அது வாங்கிக்கொண்டு போனவரிடம்தான் இருக்கும். அவர் இப்போது சென்னையில் ஏதோ அடுக்குமாடி வீட்டுக்குக் காவல் நிற்கிறாராம்.

இந்த விதியைப் புடவையோடு நிறுத்திவிடாமல் மனிதர்களுக்கும் விரித்துக் கொடுத்தவர் எங்கள் தலைவர் சிவப்பிரகாசம். அதற்கு வாய்ப்பு ஏற்படுத்திக் கொடுத்தவன் தென்னரசு.

தென்னரசு சங்கத்தின் சாயப்பட்டறையில் வேலை செய்பவன். அங்கே நாலு அடுப்பு, அடுப்புக்கு ஒரு தொட்டி, தொட்டிக்கு ஓர் ஆள். கொதிக்கிற சாயத்தில் பட்டுநூலைக் கோலில் மாட்டித் தொங்கவிட்டு, திருப்பித் திருப்பி முக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கை எட்ட வேண்டுமென்றால் அடுப்புச் சுவரோடு ஒட்டித்தான் நிற்க முடியும். இடுப்புக்குக் கீழே நெருப்பு, இடுப்புக்கு மேலே ஆவி. காலையில் போனவன் சாயங்காலம் வரும்போது லுங்கி காய்ந்து விறைத்து நிற்கும். ஊரில் எந்தப் பெண் அரக்குப் புடவை கட்டி மணவறையில் உட்கார்ந்தாலும், அந்தச் சிவப்பில் அவன் நின்ற நிற்பு இருக்கிறது. ஆனால் அவன் வீட்டில்தான் பிள்ளை இல்லை.

பிள்ளை இல்லாத வீட்டில் யாரைச் சோதிப்பார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவன் மனைவி சுபத்ரா களம்பூர்ப் பெண். அவளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், குழாயில் மருந்து விட்டுப் பார்த்தார்கள், வேப்பிலை அரைத்துக் கொடுத்தார்கள், வெள்ளிக்கிழமை ஈரப்புடவையோடு சுற்றவிட்டார்கள். கடைசியில் ஒரு டாக்டரம்மா, "உன்கிட்ட குறை ஒன்னும் இல்லம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா," என்றாள். தென்னரசு யாருக்கும் சொல்லாமல் வேலூருக்கு பஸ் ஏறினான்.

வேலூர் டாக்டர் நல்ல மனிதர். சோதனையெல்லாம் முடித்துவிட்டு அவனை எதிரில் உட்காரவைத்துப் பேசினார். அணுக்கள் மிகவும் குறைவு என்றார். சின்ன வயதில் பொன்னுக்குவீங்கி வந்து விதையைப் பாதித்திருக்கலாம், அங்கே நரம்பு புடைத்திருக்கலாம், சர்க்கரை, சிகரெட், குடி, ஹார்மோன் என்று காரணங்கள் பல இருக்கின்றன, ஆனால் உங்களிடம் இதில் எதுவும் தெரியவில்லையே என்று யோசித்தார். பிறகு, என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். அவன் சொன்னான். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அந்த அடுப்பை விட்டு ஒரு மூணு மாசம் தள்ளி நில்லுங்க. உறுதியா சொல்ல முடியாது. ஆனா நிறைய பேருக்கு மறுபடி ஏறியிருக்கு."

தன்னிடம்தான் குறை என்று தெரிந்துகொண்டு சிரித்த முகத்தோடு வீடு திரும்பிய ஆண்பிள்ளையை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. சுபத்ராவிடம் ஒன்றும் இல்லை என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. இனி அவளை யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்று நினைத்தான். அவன் அம்மா கண்ணகி அப்படி நினைக்கவில்லை.

"ஆம்பளைக்கு ஏதுடா கொற? அவ சொல்லிக் குடுத்து நீ ஒப்பிச்சிகினு கீற."

"டாக்டர் சொன்னாரும்மா."

"எந்த டாக்டரு? வேலூர்ல கீறவனுக்கு நம்ம வம்சத்தப் பத்தி இன்னா தெரியும்? தை பொறக்கட்டும். அதுக்குள்ள ஒரு சேதி வரலன்னா அவ களம்பூருக்கு மூட்டையக் கட்டட்டும். நான் வேற பொண்ணு பாத்து வெச்சிகினு கீறேன்."

"யார் சொன்னா நீ நம்புவ?"

கண்ணகி யோசிக்கவே இல்லை. "தலைவர் சொல்லட்டும். அவர் வாயால சொன்னாருன்னா நானே அவ கால்ல வுழுந்து மன்னிப்பு கேக்கறேன்."

புருஷன் செத்தபோது அவளுக்குச் சங்கத்தில் நூல் சுற்றும் வேலை போட்டுக் கொடுத்தவர் தலைவர். அவர் மேற்கே சூரியன் உதிக்கிறது என்றால் அவள் மேற்கே பார்த்துக் கும்பிடுவாள். ஆகவே தென்னரசுக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அதைத் தலைவர் வாயிலிருந்து, தை பிறப்பதற்குள், அம்மா காதில் விழவைக்க வேண்டும். அதற்காக அவன் சங்கத்துக்குப் போனான்.

தலைவர் அவனை உட்காரச் சொன்னார். முழுவதும் கேட்டார். கண்ணை மூடி மூடித் திறந்தார்.

"தென்னரசு, நீ நம்ம வூட்டுப் புள்ள. அதனால மனசு விட்டு சொல்றேன். மூணு மாசம் உன்னை அடுப்பாண்டருந்து மாத்தினா ஊரு இன்னா பேசும்? சங்கத்து அடுப்புல ஏதோ கீதுன்னு பேசும். அப்பால மீதி மூணு பேரும் வந்து நிப்பான். பட்டுக்கு யார் கலர் போடறது? கலர் இல்லன்னா கூறைப்புடவை ஏது? கூறைப்புடவை இல்லன்னா கல்யாணம் ஏது? கல்யாணமே இல்லன்னா புள்ள எங்கருந்து வரும்? ஆக, நாட்டுல புள்ள பொறக்கணும்னா நீ அடுப்பாண்ட நின்னுதான் ஆவணும்."

தென்னரசுக்கு இது எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று புரியவில்லை. "அம்மாகிட்ட ஒரு வார்த்தையாவது சொல்லிடுங்க தலைவரே," என்றான்.

"விசாரிக்காம எப்பிடிப்பா சொல்றது? குழு போடறேன்."

குழு போட்டார். தலைவர், செயலாளர், சங்கத்தின் கௌரவ மருத்துவர் அன்பழகன் என்று மூன்று பேர். அன்பழகன் பல் டாக்டர். அதனால் என்ன, அவர்தான் எங்கள் ரத்ததான முகாமையும் கண் முகாமையும் திறந்துவைப்பவர். புடவை பார்க்கிற மேசைக்குப் பின்னால் மூவரும் உட்கார்ந்தார்கள். முன்னால், ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே, தென்னரசு நின்றான். டாக்டர் பழக்கதோஷத்தில் முதலில் வாயைத் திறக்கச் சொன்னார். பற்கள் நன்றாக இருந்தன. அதைச் செயலாளர் குறித்துக்கொண்டார்.

பிறகு டாக்டர் செல்போனைப் பார்த்துக் காரணங்களை ஒவ்வொன்றாக வாசித்தார்.

"மடியில லேப்டாப் வெச்சி வேலை செய்வீங்களா?"

"லேப்டாப் இல்லைங்க."

"பேன்ட் பாக்கெட்ல செல்போன்?"

"லுங்கிங்க. போனு வூட்டு ஆணியில தொங்கிகினு இருக்கும்."

"இறுக்கமா ஜீன்ஸ்? பைக்ல ரொம்ப தூரம்? சிகரெட்? மது?"

எல்லாவற்றுக்கும் அவன் இல்லை என்றான். தப்பு செய்தவனைப் போலத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். டாக்டரின் விரல் செல்போனில் இன்னும் கொஞ்சம் கீழே போனது.

"அதிக வெப்பமான இடத்தில் நீண்ட நேரம்..." என்று ஆரம்பித்தார்.

தலைவர் இருமினார். செயலாளர் டீ வந்துவிட்டது என்றார். டீ குடித்து முடித்தபோது டாக்டரின் செல்போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

இருந்தாலும் வெப்பத்தைக் குழு விட்டுவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பட்டறைக்கே நேரில் போய் ஆய்வு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போனார்கள். வேலை நாளில் அங்கே மனிதன் கால் வைக்க முடியாது, அவ்வளவு சூடு என்று தலைவரே சொன்னார். ஞாயிறு காலை நாலு அடுப்பும் அணைந்து கிடந்தன. டாக்டர் தொட்டித் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்து, இதமாக இருக்கிறது என்றார். பட்டறையின் மூத்த ஆள் பிலவேந்திரன் அன்று சர்ச்சுக்குப் போய்விட்டு அந்த வழியாக வந்தார். தலைவர் அவரைக் கூப்பிட்டார்.

"பிலவேந்திரா, நீயும் இதே அடுப்பாண்டதான நிக்கற. உனக்குப் புள்ள இல்ல?"

"நான்சி இருக்குதுங்க. அது நான் லாரியில லோடு ஏத்திகினு இருந்தப்ப பொறந்தது. இங்க வந்த அப்பறம் ஒன்னும் இல்லைங்க."

"புள்ள கீதா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"கீதுங்க."

அதுவும் குறிப்பில் ஏறியது. பட்டறையில் வேலை செய்பவருக்குப் பிள்ளை இருக்கிறது.

அடுத்து குழு பரிகாரத்துக்கு வந்தது. மருத்துவம் தெளிவாக இருக்கிறது, காரணத்தை விட்டால் குறை போய்விடும் என்றார் டாக்டர். ஆனால் தென்னரசிடம் விடுவதற்கு ஒன்றுமே இல்லை. சாயங்காலம் வரைக்கும் மூவரும் இதைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். செயலாளர்தான் வழி சொன்னார்.

"இல்லாதத எப்பிடி வுடறது? மொதல்ல ஒன்னு குடுப்போம். அப்பால வுடச் சொல்லுவோம்."

இப்படியாக, நலநிதியிலிருந்து தென்னரசுக்கு ஒரு பெரிய செல்போன் வழங்கப்பட்டது. மாலை போட்டு, போட்டோ எடுத்து வழங்கினார்கள். சில வாரங்கள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தான். பிறகு அதே மேசையில் அதைத் திருப்பிக் கொடுத்தான். செல்போன் பழக்கத்திலிருந்து மீண்ட தொழிலாளி என்று அதற்கும் ஒரு போட்டோ எடுத்தார்கள். செல்போன் இப்போது செயலாளரின் மருமகனிடம் இருக்கிறது.

அடுத்தது ஜீன்ஸ். தலைவரின் தம்பி கடையில் வாங்கியது. அதைப் போட்டுக்கொண்டு அடுப்பருகே நிற்பது எப்படி என்று யாரும் யோசிக்கவில்லை. முதல் நாளே தொடையெல்லாம் வெந்துவிட்டது. சாயத் தண்ணீர் தெறித்து, கெட்டித் துணி அதைக் குடித்து, கொதிக்கக் கொதிக்கக் காலோடு ஒட்டிக்கொண்டது. லுங்கிக்கு மாறிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். தீர்மானத்தில் சொன்ன காலம் முடியட்டும், பாதியில் விட்டால் விட்டதாகக் கணக்கில் வராது என்றார்கள். அவன் கால்களை அகட்டி அகட்டி வீட்டுக்கு நடந்துபோனதைத் தெருவே பார்த்தது.

மார்கழி பிறந்தபோது சிகரெட்டுக்கு வந்திருந்தார்கள்.

"அடுத்தது சாராயமா?" என்றார் பிலவேந்திரன். "அதுக்குன்னா என் பேரையும் குழுவுல எழுதிக்கச் சொல்லு." சொல்லிவிட்டு அவர் சிரிக்கவில்லை. "நீ அவங்களாண்ட போனதே தப்புப்பா. அவங்க உன்னைப் புடவையாட்டம் விரிச்சி வெச்சிகினு கீறாங்க."

வீட்டில் சுபத்ரா அவன் சட்டையை மோந்து பார்த்தாள்.

"இது இன்னா நாத்தம்?"

"சங்கத்துல குடுத்தாங்க. வுடறதுக்கு."

அவள் சட்டையை வாளியில் போட்டுவிட்டு அவனைப் பார்த்தாள். "நேத்து எதிர் வூட்ல வளைகாப்பு. உங்கம்மா போனாங்க. நான் போனா அந்தப் பொண்ணுக்கு ஆவாதாம், அடுப்பப் பாத்துக்கோன்னாங்க. நீங்க ஒரு அடுப்பாண்ட நிக்கறீங்க, நான் ஒரு அடுப்பாண்ட நிக்கறேன். எனக்கு இருமற புருஷன் வேணாம். அந்த ஒரு வார்த்தை எப்ப சொல்லுவாரு உங்க தலைவரு?"

"மகாசபையில சொல்றேன்னு இருக்காரு."

அவள் சட்டையைத் துவைக்க ஆரம்பித்தாள். தண்ணீர் சத்தத்தில் அவள் அழுதது அவனுக்குக் கேட்கவில்லை என்றுதான் அவள் நினைத்திருப்பாள். அவனுக்குக் கேட்டது.

மார்கழிக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் மகாசபை கூடியது. பெண்கள் வரிசையில் கண்ணகி முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுபத்ராவுக்கு ஓரத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. குழுவின் வெற்றியை விளக்கிய தலைவர், பயனடைந்த தொழிலாளியே வந்து இரண்டு வார்த்தை பேசுவார் என்று தென்னரசை மேடைக்கு அழைத்தார். பேச வேண்டியதைச் செயலாளர் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார். தென்னரசு மைக்கைப் பிடித்தான். சொல்லிக் கொடுத்ததை விட்டுவிட்டான்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குப் புள்ள இல்ல. கொற என்கிட்டதான். சுபத்ராகிட்ட ஒன்னும் இல்ல. வேலூர்ல சோதிச்சி சொல்லிட்டாங்க. அந்த அடுப்புச் சூடுதான் காரணம். எங்கம்மா இங்கதான் உக்காந்துகினு இருக்காங்க. தலைவரே, நீங்க ஒரு வாட்டி உங்க வாயால சொல்லிடுங்க."

ஒரு மனிதன் நடுச்சபையில் தன் மானத்தைக் கழற்றிக் கீழே வைத்திருந்தான். அதை எடுத்து என்ன செய்வது என்று சபைக்குத் தெரியவில்லை. தலைவருக்குத் தெரிந்தது. அவர் எழுந்து வந்து தென்னரசைக் கட்டிப்பிடித்தார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

"பாத்தீங்களா? இவன்தான்யா சங்கத்து ஆளு. எந்த ஆம்பளையாவது நாலு பேர் முன்னாடி இப்பிடிச் சொல்லுவானா? கட்டினவ பேர் கெடக்கூடாதுன்னு பழிய எடுத்துத் தன் தலையில போட்டுக்கறான். இந்தப் பெருந்தன்மைய யார் கத்துக் குடுத்தது? இந்தச் சங்கம் கத்துக் குடுத்தது. ஒன்னு சொல்றேன். நூல் நாம குடுக்கறது. நெய்யறது வெளி ஆளு. புடவையில கொறன்னா நாம நூலையா திட்டறோம்? தென்னரசு நம்ம நூலு. அந்தப் பொண்ணு களம்பூர்லருந்து வந்தது. அதுக்கு மேல நான் பேச மாட்டேன். பொம்பள மனசு புண்படும்."

மண்டபம் கைதட்டியது. ஓரத்து நாற்காலியை எல்லாரும் திரும்பிப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள். தலைவர் தென்னரசுக்குப் பட்டுச் சால்வை போர்த்தினார். அவனே முக்கியெடுத்த அரக்கு. கண்ணகி மேடைக்கு ஏறிவந்து மகனின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். "எம் புள்ள தங்கம். தங்கத்தப் போயி இப்பிடி மயக்கி வெச்சிகினு கீறாளே," என்றாள். மைக் அணைக்கப்படாமல் இருந்ததால் அதுவும் எல்லோருக்கும் கேட்டது. அன்றைய நடவடிக்கைக் குறிப்பில், தொழிலாளி தென்னரசு நன்றியுரை ஆற்றினார் என்று இருக்கிறது.

சுபத்ரா எழுந்து வெளியே நடந்தாள். தென்னரசு சால்வையோடு பின்னால் ஓடினான். பஸ் நிலையத்தில்தான் அவளைப் பிடிக்க முடிந்தது. களம்பூர் பஸ் கிளம்பத் தயாராக நின்றது.

"நான் சொல்லிட்டேன் சுபத்ரா."

"சொன்னீங்க. எனக்குக் கேட்டுச்சு. எனக்குத்தான் முன்னாடியே தெரியுமே."

அவள் ஏறினாள். அவனும் ஏறினான். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. களம்பூரில் இறங்கும்போது சால்வையை வேண்டுமென்றே சீட்டில் விட்டுவிட்டு இறங்கினான். கண்டக்டர் கூவிக் கூப்பிட்டு, நல்ல பட்டாச்சே, பத்திரமாக வைத்துக்கொள் என்று கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

தை பிறந்தது. தென்னரசு நின்ற அடுப்புக்கு ஓர் ஆள் வந்துவிட்டான், ஆவணியில் கல்யாணமானவன். புதுமாப்பிள்ளையைப் பிள்ளை இல்லாதவன் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. பட்டறையில் பிள்ளை இல்லாதவர்கள் முன்பைவிடக் குறைந்திருக்கிறார்கள் என்று குழு தன் இறுதி அறிக்கையில் மகிழ்ச்சி தெரிவித்தது. கண்ணகி பார்த்துவைத்த பெண் வீட்டார், மாப்பிள்ளை எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அவன் நன்றியுரை ஆற்றிய போட்டோ பிடித்துப்போயிருக்கிறது.

தென்னரசும் சுபத்ராவும் களம்பூரில் ஒரு ரைஸ் மில்லுக்கு வேலை கேட்டுப் போனார்கள். மேனேஜர் ஜெயவேல் தங்கமான மனிதர். இருவரையும் நிழலில் நிற்கச் சொன்னார்.

"எங்க வேலை பாத்துகினு இருந்த?"

"ஆரணியில, சாயப்பட்டறையிலங்க."

"அப்ப சூடு பழக்கந்தான். இங்க நெல்லு அவிக்கற எடத்துல ஒரு பையன் நிக்க மாட்டன்றான். ரெண்டு நாள்ல ஓடிப்போறான். உனக்குன்னே காலியா கீது."

"டாக்டர் சூடு ஆகாதுன்னு சொல்லியிருக்காருங்க. மூட்டை தூக்கறேன்."

"மூட்டைக்கு ஆளு நெறஞ்சிடுச்சிப்பா." ஜெயவேல் சுபத்ராவைப் பார்த்தார். "எத்தினி புள்ளைங்க?"

சுபத்ரா தென்னரசைப் பார்த்தாள். அவருக்குப் புரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கவலப்படாதம்மா. வந்தவாசியில ஒரு டாக்டரம்மா கீறாங்க. பொம்பளைங்களுக்குக் கைராசி. நீ ஒரு வாட்டி போய்க் காமிச்சிட்டு வா."

"கொற என்கிட்டதாங்க," என்றான் தென்னரசு.

ஜெயவேல் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"நல்ல மனசுப்பா உனக்கு," என்றார். "நாளைக்கு ஜல்தியா வந்துடு. விடியறதுக்குள்ள அடுப்பு மூட்டணும்."